தம்பட்டம் அடிப்பது எது, எடுத்துச் சொல்வது எது?

வேலைக்கு விண்ணப்பம் எழுதிய ஓர் இளம்பெண், அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். தாளின் நடுவில் ஒரு வரி மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. பேனாவை அழுத்தி இரண்டு கோடு போட்டிருந்தாள். ஆனாலும் எழுத்து தெரிந்தது. "மூன்று ஆண்டுகள் அலுவலகக் கணக்கு முழுவதையும் நான் ஒருத்தியே பார்த்தேன்." இதை ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "தம்பட்டம் அடிக்கிற மாதிரி இருக்கு அக்கா. வேண்டாம்" என்றாள்.

அந்த வரியில் பொய் இல்லை. மிகையும் இல்லை. அவள் சொல்லாவிட்டால் அந்தத் தாளைப் படிப்பவருக்கு அது தெரியவும் வழியில்லை. இருந்தும் ஒரு சொல் குறுக்கே வந்து கையைப் பிடித்துவிட்டது. செய்யாததைச் செய்ததாக மேடையில் முழங்குகிறவரையும் நாம் அதே சொல்லால்தான் சுட்டுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்தாது என்பதுதான் என் கட்சி. அந்தத் தாளில் அவள் அடிக்காமல் விட்ட வரிகளும் சில இருந்தன. அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில், இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது என்று மெதுவாகப் பார்த்துவிடலாம்.

கருவியிலிருந்து தொடங்குவோம்

தம்பட்டம் ஒரு தோற்கருவி, பறை வகையைச் சேர்ந்தது. தோலை இழுத்துக் கட்டி, குச்சியால் அடித்து முழக்குவது. முரசு, தமுக்கு, டமாரம் என்று இதே வேலைக்குப் பயன்பட்ட வேறு கருவிகளும் உண்டு. அச்சடித்த தாளோ ஒலிபெருக்கியோ இல்லாத காலத்தில் ஊருக்கு ஒரு செய்தி போய்ச் சேர வேண்டுமென்றால் முதலில் பறை முழங்க வேண்டும். சத்தம் கேட்டு உள்ளே இருப்பவர்கள் வாசலுக்கு வருவார்கள். அப்புறம்தான் செய்தி.

மணிமேகலையின் முதல் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். புகார் நகரத்தில் இந்திர விழா நடக்கப்போவதை, யானையின் பிடரியில் முரசை ஏற்றிக்கொண்டு ஒருவன் அறிவிக்கிறான். ஊர் வாழ்க என்கிறான். மழை பொழியட்டும், மன்னன் செங்கோல் தவறாதிருக்கட்டும் என்கிறான். பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்புங்கள் என்று வேலையும் சொல்கிறான். அந்த அறிவிப்பு முழுவதிலும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பறை அவன் கையில் இருக்கிறது. செய்தி ஊருடையது.

அந்தக் கருவியை ஒருவர் தன்னுடைய செய்திக்காகவே எடுத்து முழக்கினால் அது சுயதம்பட்டம். தம்பட்டம் என்பது அறிவிப்பு. 'சுய' சேரும்போதுதான் அது தன்னைத்தானே அறிவித்துக்கொள்வதாகிறது. பேச்சு வழக்கில் 'சுய' உதிர்ந்துபோய், 'தம்பட்டம்' என்றாலே தற்பெருமை என்று ஆகிவிட்டது.

கருவியும் மெல்ல மெல்ல நம் தெருவை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகள் வந்துவிட்ட காலத்தில் ஒரு மனிதரைத் தெருத்தெருவாகத் தண்டோரா போட வைக்கத் தேவையில்லை, அதைத் தடை செய்ய வேண்டும் என்று 2022இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அந்த வேலையைச் செய்தவர்களின் மதிப்பை நினைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு. பறை தெருவிலிருந்து போனாலும் அதன் சத்தம் மொழிக்குள் தங்கிவிட்டது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தம்பட்டம் என்பதன் அடிப்படைப் பொருள் சத்தம், அதுவும் ஊரைக் கூட்டும் சத்தம். உண்மை, பொய் என்ற பேச்சு இன்னும் வரவே இல்லை.

ஒரே தொடர், இரண்டு பொருள்

'தம்பட்டம் அடித்தல்' ஒரு மரபுத்தொடர். சொற்களின் நேர்ப்பொருளைக் கூட்டினால் கிடைக்காத ஒரு பொருளை, பழக்கத்தால் தரும் தொடருக்கு அப்படிப் பெயர். தம்பட்டம் அடிக்கிறான் என்றால் இன்று யாரும் கையில் பறையைத் தேடுவதில்லை.

இந்தத் தொடருக்கு வழக்கில் இரண்டு பொருள் உண்டு. முதலாவது, ரகசியமாக இருக்க வேண்டியதை ஊருக்கெல்லாம் தெரியப்படுத்துவது. "உன்னை நம்பிச் சொன்னேன், நீ ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாய்" என்று வருத்தப்படுகிறவர், யாரோ பெருமை பேசியதாகச் சொல்லவில்லை. தன் சங்கதி வெளியே போய்விட்டது என்கிறார். கருவியின் பழைய வேலைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் பொருள் இது. இரண்டாவது, தன் பெருமையைத் தானே முழங்குவது.

இரண்டுக்கும் பொதுவான அம்சம் ஒன்றுதான். சொல்லப்படும் அளவு, தேவையான அளவைத் தாண்டிவிட்டது. நாலு பேருக்குத் தெரிய வேண்டியது நாற்பது பேருக்குப் போகிறது. ஒரு முறை சொல்ல வேண்டியது ஒன்பது முறை வருகிறது.

இங்கேதான் பெரிய குழப்பம் நுழைகிறது. தம்பட்டம் என்றால் பொய் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அரசியல் அறிக்கைகளில் இதை அன்றாடம் பார்க்கலாம். "சாலை போட்டோம் என்று தம்பட்டம் அடிக்கிறார்கள்" என்று எதிர்த்தரப்பு சொன்னால், கேட்பவர் மனதில் சாலையே போடவில்லை என்று பதிந்துவிடுகிறது. சொல்லின் பொருளில் அப்படி ஒன்றும் இல்லை. சாலை இருக்கலாம், நல்ல சாலையாகவும் இருக்கலாம். அதை எத்தனை முறை, எவ்வளவு சத்தமாகச் சொல்கிறார்கள் என்பதைத்தான் அந்தச் சொல் குறை சொல்கிறது. சாலை இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அதற்குத் தமிழில் வேறு சொற்கள் நிறையவே இருக்கின்றன.

பின்னால் வரும் வினையைப் பாருங்கள்

அந்த வேறு சொற்களைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். தற்பெருமையைக் குறிக்க நம்மிடம் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. ஜம்பம், டம்பம், பீலா, சரடு, ரீல், உதார், சவடால், பந்தா, கெத்து, படாடோபம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். புதிதாகத் தமிழ் கற்கும் ஒருவர் இவற்றுக்கு அகராதி பார்த்தால், எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள் போட்டிருப்பதைக் கண்டு திகைத்துப்போவார். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எனக்கு உதவிய வழி ஒன்று உண்டு. பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, அதன் பின்னால் என்ன வினை வருகிறது என்று பாருங்கள்.

'அடி' என்று முடிபவை ஒரு குடும்பம். தம்பட்டம் அடித்தான், ஜம்பம் அடித்தான், டம்பம் அடித்தான், பெருமையடித்தான். இவற்றில் குற்றம் சத்தத்தில் இருக்கிறது. அரட்டை அடிப்பதற்கும் இதே வினைதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அங்கேயும் யாரும் பொய் சொல்வதாக அர்த்தமில்லை, வாய் ஓயவில்லை என்றுதான் அர்த்தம்.

'விடு' என்று முடிபவை இன்னொரு குடும்பம். கதை விட்டான், சரடு விட்டான், ரீல் விட்டான், பீலா விட்டான். இவற்றில் உண்மை இல்லை. உதார் விடுவதும் இங்கேதான் சேரும். மிரட்டல் பெரிதாக இருக்கும், பின்னால் நிறைவேற்றும் பலம் இருக்காது. கையில் பிடித்து நிற்க ஒன்றும் இல்லாததைக் காற்றில் விடுகிறார்கள் என்று நான் இதைப் புரிந்துவைத்திருக்கிறேன்.

'காட்டு' என்று முடிபவை மூன்றாவது. பந்தா காட்டினான், கெத்து காட்டினான், படம் காட்டினான். இங்கே வாயே திறக்க வேண்டாம். நடை, உடை, உட்காரும் தோரணை போதும்.

ஒரே ஆளை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார். வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் பேச்சைத் திருப்பிக் காருக்குக் கொண்டுவருகிறார் என்றால் அவர் தம்பட்டம் அடிக்கிறார். காரே வாங்கவில்லை, வாங்கியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்றால் பீலா விடுகிறார். ஒரு வார்த்தையும் பேசாமல், உட்கார்ந்ததும் சாவியை எடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி மேசையின் நடுவில் வைக்கிறார் என்றால் பந்தா காட்டுகிறார். இந்த மூன்றில் எதை மற்றொன்றின் இடத்தில் வைத்தாலும் தமிழ்க் காதுக்கு உறுத்தும்.

எல்லாச் சொல்லும் இப்படி ஒழுங்காக ஒரே வீட்டில் அடங்கிவிடாது. சவடால் அடிப்பதும் உண்டு, விடுவதும் உண்டு. வாயில் பெரிய பேச்சு, செயலில் ஒன்றுமில்லை என்பதுதான் சவடால் என்பதால் சத்தம், வெறுமை இரண்டுமே அதற்குள் இருக்கின்றன. அதனால்தான் அது இரண்டு வீட்டிலும் புழங்குகிறது.

காட்டும் குடும்பத்தின் உறவுக்காரரான படாடோபம் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அது வடமொழியிலிருந்து வந்த சொல். முற்பாதி பாம்பின் படத்தைக் குறிக்கிறது. பிற்பாதிக்கு விரிதல், உப்புதல் என்று பொருள். ஆக, படாடோபம் என்றால் பாம்பு படம் விரித்து நிற்பது. விஷமில்லாத பாம்பும் படத்தைப் பெரிதாக விரிக்கத்தான் வேண்டும், விஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விரித்த படமே அச்சம் தரும் என்று பஞ்சதந்திரத்தில் ஒரு சுலோகம் உண்டு. ஒருவர் வீட்டுக் கல்யாணத்தைப் 'படாடோபமாக நடத்தினார்' என்று நாம் எழுதும்போது அந்தச் சொல்லுக்குள் ஒரு பாம்பு தலை தூக்கி நிற்கிறது. எனக்குப் பிடித்த சொற்களில் இதுவும் ஒன்று.

சுருக்கமாகச் சொன்னால், அடித்தால் சத்தம், விட்டால் பொய், காட்டினால் தோற்றம். யாரையாவது குறை சொல்லும் முன் இந்த மூன்றில் எதைச் சொல்ல வருகிறோம் என்று ஒரு கணம் யோசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'கொள்' செய்யும் வேலை

இன்னொரு சின்ன வினை இருக்கிறது. வெளியே தெரியாமல் பெரிய வேலை செய்வது. "அவர் தன்னை எழுத்தாளர் என்று சொன்னார்" என்பதையும் "அவர் தன்னை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்கிறார்" என்பதையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முதல் வாக்கியம் ஒரு தகவல். இரண்டாவதில், "ஊர் அப்படிச் சொல்லவில்லை" என்ற மறைமுகமான பேச்சு ஒட்டிக்கொண்டு வருகிறது.

இந்தக் 'கொள்' ஒரு துணைவினை, அதாவது முதன்மையான வினைக்குப் பின்னால் ஒட்டி அதன் பொருளுக்கு ஒரு சாயலைச் சேர்க்கும் வினை. செயலின் பயன் செய்தவரிடமே திரும்புகிறது என்பதைக் காட்டுவது இதன் வேலைகளில் ஒன்று. முடி வெட்டினார் என்றால் அவர் இன்னொருவருக்கு வெட்டினார். வெட்டிக்கொண்டார் என்றால் அவர் தலை. புகழ்தலும் அப்படியே. புகழ்ந்தார் என்றால் பிறரை. புகழ்ந்துகொண்டார் என்றால் தன்னை. மெச்சிக்கொள்வது, அலட்டிக்கொள்வது, பீற்றிக்கொள்வது எல்லாமே 'கொள்' சேர்ந்துதான் வருகின்றன. பேச்சில் "ரொம்பத்தான் பீத்திக்கிறான்" என்கிறோமே, அதற்குள்ளும் இதே 'கொள்' தேய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறது.

'கொள்' வந்தாலே தற்பெருமை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். "சொல்லிக்கொண்டு கிளம்பினார்" என்றால் விடைபெற்றார் என்று பொருள். "சொல்லிக்கொண்டிருந்தார்" என்றால் செயல் தொடர்ந்தது என்று பொருள். சூழலைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெருமைக்கே இரண்டு முகம்

பெருமை என்ற சொல்லில் குற்றம் எதுவும் இல்லை. பெருமைப்பட்டான் என்றால் அது உள்ளே எழும் உணர்வு. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படலாம், சொந்த உழைப்பை நினைத்தும் பெருமைப்படலாம். பெருமை பேசினான் என்னும்போது அது வெளியே வந்துவிட்டது. பெருமையடித்தான் என்றால் ஊரைக் கூட்டிவிட்டது. இங்கேயும் வினைதான் எடையை மாற்றுகிறது.

பெருமிதம் இன்னும் சுவையானது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மனதின் உணர்வு உடலில் தெரிவதை எட்டாக வகுத்துச் சொல்கிறது. அதில் பெருமிதமும் ஒன்று. கல்வி, தறுகண், புகழ்மை, கொடை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. தறுகண் என்றால் அஞ்சாமை. நான்குமே நல்ல குணங்கள். திருக்குறளுக்கு வந்தால், "பெருமை பெருமிதம் இன்மை" என்று 979ஆம் குறள் தொடங்குகிறது. அங்கே பெருமிதம் என்றால் செருக்கு. ஒரே சொல் ஒரு நூலில் அணிகலன், இன்னொரு நூலில் அழுக்கு. இன்று நாம் "பெருமிதத்தோடு அறிவிக்கிறோம்" என்று எழுதும்போது தொல்காப்பியத்தின் பக்கம் நிற்கிறோம். அதற்கு முந்தைய குறள், 978, பெருமை எப்போதும் பணிந்து நடக்கும், சிறுமைதான் தன்னை வியந்து அலங்கரித்துக்கொள்ளும் என்கிறது. அங்கே 'தன்னை வியந்து' என்று வருகிறதே, தற்பெருமைக்கு வள்ளுவர் கையாளும் தொடர் அதுதான். தன்னைத் தானே பார்த்து வியப்பது. "வியவற்க எஞ்ஞான்றும் தன்னை" என்று 439ஆம் குறளிலும் அதையே விலக்குகிறார்.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது: உணர்வு வேறு, முழக்கம் வேறு. பெருமைப்படுகிறவரைப் பார்த்துத் தம்பட்டம் அடிக்காதே என்று சொல்வது, சிரிக்கிறவரைப் பார்த்துக் கத்தாதே என்று சொல்வது போல.

கேட்பவருக்கு ஏன் கசக்கிறது

சரி, ஒருவர் தன் நல்ல செய்தியை உரக்கச் சொன்னால் நமக்கு ஏன் எரிச்சல் வருகிறது? செய்தி உண்மையாகவே இருந்தாலும் வருகிறதே?

"நிறைகுடம் தளும்பாது" என்ற பழமொழியை நாம் ஒழுக்கப் பாடமாக மட்டும் படித்துவிட்டோம். ஒரு குடத்தை இடுப்பில் வைத்து நடந்து பார்த்தால் தெரியும். பாதி நிறைந்த குடத்தில் தண்ணீருக்கு மேலே வெற்றிடம் இருக்கிறது, அதனால் அடிக்கு அடி அலை எழும்பிச் சத்தம் போடுகிறது. விளிம்பு வரை நிறைத்து மூடிய குடத்தில் அசைய இடமில்லை. தம்பட்டம் கேட்கும்போது நம் மனம் இதே கணக்கைத்தான் போடுகிறது. சத்தம் வந்தால் உள்ளே எங்கேயோ காலி இருக்கிறது என்று நினைக்கிறோம். அது எப்போதும் சரியான கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படித்தான் நினைக்கிறோம்.

உளவியலாளர்கள் இதைச் சோதனை செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஐரீன் ஸ்கோப்பெலிட்டியும் உடன் பணியாற்றியவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, சொல்பவரும் கேட்பவரும் எங்கே பிரிகிறார்கள் என்று காட்டியது. தன் சாதனையைச் சொல்பவர், கேட்பவர் தன்னோடு சேர்ந்து மகிழ்வார் என்று உண்மையில் நடப்பதைவிட அதிகமாக எதிர்பார்க்கிறார். கேட்பவருக்கு வரும் எரிச்சலையோ குறைத்து மதிப்பிடுகிறார். தன் மனதில் பொங்கும் மகிழ்ச்சியையே எதிரில் இருப்பவர் முகத்திலும் பார்த்துவிடுகிறார் என்று சொல்லலாம். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. தம்பட்டம் அடிப்பவர்கள் பெரும்பாலும் தாங்கள் அடிப்பதை அறியாமலே அடிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

வேரா ஹூரன்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2012இல் இன்னொரு நுட்பத்தைக் காட்டினார்கள். "நான் நல்ல நண்பன்" என்று சொல்பவரைவிட, "மற்றவர்களைவிட நான் நல்ல நண்பன்" என்று சொல்பவரை மக்கள் அதிகம் வெறுக்கிறார்கள். இரண்டிலும் தற்புகழ்ச்சி இருக்கிறது. இரண்டாவதில் 'விட' என்ற ஒரு சொல் கூடுதலாக வந்து, கேட்பவரையும் தராசின் மறுதட்டில் ஏற்றிவிடுகிறது. தன்னை ஒருவர் எடை போட்டுத் தாழ்த்துவதை யார்தான் பொறுத்துக்கொள்வார்?

ஆக, எரிச்சலுக்குக் காரணம் இரண்டு. கேட்பவரின் மனநிலையைச் சொல்பவர் தவறாகக் கணிக்கிறார். அதோடு, சொல்லாமல் சொல்லும் ஒப்பீட்டால் கேட்பவரைக் கீழே இறக்குகிறார். உங்கள் பேச்சில் இரண்டாவது இல்லாமல் பார்த்துக்கொள்வது கொஞ்சம் சுலபம்.

சவடாலும் வஞ்சினமும்

தன் வீரத்தைத் தானே பேசுவது பழைய இலக்கியத்தில் முழுக்க முழுக்கக் குற்றமாகக் கருதப்படவில்லை. வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பதற்கு நெடுமொழி என்று மரியாதையான பெயரே உண்டு. புலவர்களும் அதைத் துறையாக வகுத்துப் பாடினார்கள். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் தன்னைத்தான் புகழ்வதைத் தன்மேம்பாட்டுரை என்று ஓர் அணியாகவே கணக்கில் சேர்க்கிறது. வள்ளுவரும், தன்னை வியக்காதே என்றவர், படைச்செருக்கு அதிகாரத்தில் ஒரு வீரனைப் பேச விடுகிறார். பகைவர்களே, என் தலைவன் முன்னால் நிற்காதீர்கள், அப்படி நின்ற பலர் இப்போது நடுகல்லாக நிற்கிறார்கள் என்கிறான் அவன். கவனித்தால், அவன் தன்னைச் சொல்லவில்லை, தலைவனைச் சொல்கிறான்.

இவற்றில் வஞ்சினம் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். "இதைச் செய்து முடிக்காவிட்டால் எனக்கு இந்த இழிவு வரட்டும்" என்று நிபந்தனையோடு கூறும் சூளுரை அது. புறநானூற்றின் 72ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் அப்படிப் பேசுகிறான். சின்னப் பையன் என்று பகைவர்கள் அவனை எள்ளியிருக்கிறார்கள். அவர்களைப் போரில் சிதறடித்து, முரசோடு சேர்த்துக் கைப்பற்றுவேன் என்கிறான். பேச்சு அதோடு நின்றிருந்தால் அது வெறும் முழக்கம். அவன் மேலே போகிறான். அப்படிச் செய்யாவிட்டால் என் குடிமக்கள் கண்ணீர் விட்டு என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும். மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நிலத்தைப் பாடாமல் விலக்கட்டும். இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை என்னைப் பிடிக்கட்டும்.

சவடாலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பேச்சின் அளவில் இல்லை. நெடுஞ்செழியன் பேசியதைவிடப் பெரிய பேச்சு ஏது? வேறுபாடு பிணையில் இருக்கிறது. அவன் தன் பெயர், நாடு, புகழ் எல்லாவற்றையும் அடகு வைத்துவிட்டுப் பேசுகிறான். சவடால் பேசுகிறவர் எதையும் பணயம் வைப்பதில்லை. நடக்காவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது, நாளைக்கு வேறு பேச்சு. யாராவது பெரிதாகப் பேசும்போது எனக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்: இவர் சொன்னது நடக்காவிட்டால் இவர் எதை இழப்பார்?

தன்னைப் புகழ்வது தகும் நேரம்

இனி, அந்த இளம்பெண்ணின் சிக்கலுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் இடத்துக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் நன்னூல். அதன் தொடக்கமான பாயிரத்தில், அதாவது நூலுக்கு முன்னுரை போன்ற பகுதியில், தற்புகழ்ச்சி பற்றிய பேச்சு வருகிறது. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாட வேண்டியவர்கள் யார் என்று முதலில் சொல்கிறார்: நூலாசிரியரின் ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரை எழுதியவர். ஆசிரியர் தானே பாடிக்கொள்ளக் கூடாது. ஏன்? ஒருவர் இதுவரை தோன்றாத நுட்பங்களையெல்லாம் தோற்றுவித்து, பல துறைகளில் நூல் செய்து முடித்தவராக இருந்தாலும், "தான்தற் புகழ்தல் தகுதி யன்றே" என்கிறார். இன்றைக்கும் மேடையில் பேச்சாளரை இன்னொருவர் அறிமுகம் செய்கிறாரே, அதே ஏற்பாடு.

இதோடு நிறுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அடுத்த சூத்திரத்தை யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். அது இப்படி இருக்கிறது:

மன்னுடை மன்றத்து ஓலைத் தூக்கினும்
தன்னுடை ஆற்றல் உணரார் இடையினும்
மன்னிய அவையிடை வெல்லுறு பொழுதினும்
தன்னை மறுதலை பழித்த காலையும்
தன்னைப் புகழ்தலும் தகும்புல வோற்கே.

நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழலாம். அரசனின் அவைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது. அவையில் வாதம் செய்து வெல்ல வேண்டிய நேரத்தில். எதிர்த்தரப்பு தன்னைப் பழித்துப் பேசும்போது. தகாது என்று சொன்ன அதே கையோடு இலக்கணக்காரர் இதையும் எழுதி வைத்திருக்கிறார். அவர் விலக்கியது தேவையில்லாத புகழ்ச்சியை. தேவை வரும் இடங்களைப் பெயர் சொல்லித் திறந்துவிட்டிருக்கிறார்.

இந்த நான்கையும் இன்றைய வாழ்க்கைக்குக் கொண்டுவருவது கடினமில்லை. வேலைக்கு எழுதும் விண்ணப்பம், அவைக்கு எழுதும் ஓலைக்குச் சமம். நேர்காணலில் எதிரே அமர்ந்திருப்பவர்கள் நம் ஆற்றலை உணராதவர்கள். உணரக் கேட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். செய்த வேலையை இன்னொருவர் தன் பெயரில் எழுதிக்கொண்டாலோ, ஒன்றும் செய்யவில்லை என்று பழித்தாலோ வாயைத் திறப்பதற்கு நான்காவது வரியின் அனுமதி இருக்கிறது. இந்த இடங்களில் எல்லாம் அடக்கம் என்று நினைத்து மௌனமாக இருப்பவர்கள் இழப்பது அதிகம். நான் பார்த்தவரை, அப்படி மௌனமாக இருப்பவர்களில் பெண்களும், வீட்டில் முதல் தலைமுறையாக வேலைக்குப் போகிறவர்களும்தான் கூடுதல்.

சூத்திரத்தை அவளிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வரி வந்ததும், இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா என்றாள். அப்புறம் இருவருமாகத் தாளை மேலிருந்து படித்தோம். அடிக்கப்பட்ட வரிக்கு மேலே, அடிக்கப்படாத மூன்று வரிகள் இருந்தன. "கடின உழைப்பாளி. பன்முகத் திறமை கொண்டவள். எந்தச் சூழலிலும் மற்றவர்களைவிடச் சிறந்து விளங்குபவள்." எங்கிருந்தோ பார்த்து எழுதியது. எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றாள். அதில் ஒரு செய்தியும் இல்லை, 'விட' இருந்தது, பிணை இல்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவைத் திறந்து அந்த மூன்றையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, கணக்குப் பார்த்த வரியை ஓரத்தில் மறுபடி எழுதினாள். 'நான் ஒருத்தியே' என்பதை மட்டும் 'தனியாக' என்று மாற்றிக்கொண்டாள்.